வயர் கூடையும் வாண்டுகளும்: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

காட்பாடி அம்மா:

பங்குனி உத்திரத்தன்று ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். தேங்காய், பழமெல்லாம் நான் நெல்லிக்காய் முடிச்சில் பின்னிய வயர் கூடையில். மஞ்சளும் மயில்பச்சையும் கலந்தது. படியில் கூட்டம் நகராமல் நின்றபோது பின்னாலிருந்த ஓர் அம்மா கூடையைத் தடவிப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்றார். நானே போட்டது என்றேன். எத்தனை ரோல் பிடித்தது, அடிப்பாகத்துக்கு எத்தனை வயர் வெட்டினீர்கள் என்று அவர் கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, யூகேஜி முடிக்கப் போகிற என் மகள் நடுவில் புகுந்தாள்.

"எங்கள் அம்மா கூடை போடும்போது பேசமாட்டார்கள். கையை மட்டும் இப்படிக் காட்டுவார்கள்."

உள்ளங்கையை விரித்து, சிக்னலில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது போல அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் சிரித்துவிட்டார். சின்னவனுக்கும் அது பிடித்துப்போயிற்று. மேலே போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் இறங்கி வருகிறவர்களையெல்லாம் கையை நீட்டி நிறுத்திக்கொண்டே வந்தார்கள்.

எண்ணிக்கை விட்டுப்போகுமே என்றுதான் கையைக் காட்டுகிறேன். சிவன் கண் என்கிற பின்னல் போடுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு முடிச்சு தவறினால் கண் கோணிக்கொண்டு போகும், மூன்று வரிசையைப் பிரிக்க வேண்டியிருக்கும். எனக்குக் கிடைப்பதே பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரம்தான். பங்குனியிலேயே 100 டிகிரியைத் தொடுகிற ஊரில் அவர்கள் எங்கே தூங்குகிறார்கள்? எல்லாம் சரிதான். ஆனாலும் அந்தக் குட்டிக் கை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உங்கள் வீட்டில் எப்படி?

ஆம்பூர் அப்பா:

கூடை போடுகிற ஆண்களும் இருக்கிறோம் என்பதற்காக எழுதுகிறேன். ஷூ கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கூடை. கூடையின் உடம்பு வரைக்கும் பிரச்சினை இல்லை, கைப்பிடிதான் எனக்கு எமன். உள்ளே வைக்கிற வயர்கள் எல்லாம் ஒரே இழுப்பில் நிற்காவிட்டால் சுற்றச் சுற்ற ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

போர் மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர் வேலை முடிந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் கூடையைப் பார்த்தார். அனுமதியெல்லாம் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கைப்பிடி வயரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் மாட்டி, மறுமுனையை என் நான்கு வயது மகன் கையில் கொடுத்து, "விடாதே" என்றார். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான், முகம் சிவந்துவிட்டது. அவர் சுற்றி முடித்து, முனையைப் பிளேயரால் உள்ளே இழுத்துச் செருகி, "போதும்" என்ற பிறகும் விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

மோட்டாருக்கு முழுக்கூலி வாங்கிக்கொண்டார், கைப்பிடிக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் மகனோ அன்றிலிருந்து மோட்டார் மறுபடியும் கெட வேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்கிறான். இருக்கிற தண்ணீர்க் கஷ்டத்தில் இந்த வேண்டுதல் வேறு.

வாலாஜா பாட்டி:

காட்பாடிப் பெண்ணே, கையைக் காட்டுவதில் ஒன்றும் குற்றமில்லை. என் மாமியார் முறத்தையே காட்டுவார். ஆனால் எண்ணிக்கை விட்டுப்போகிறது என்பது சாக்கு. பத்து முடிச்சுக்கு ஒரு தரம் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிக்கொண்டே போ, பேசிக்கொண்டே போடலாம். கூடை முடிந்ததும் நூலை உருவிவிடலாம்.

ரோலைப் பிரித்ததும் தரையில் விடாதே. ஒரு குண்டானுக்குள் போட்டு, முனையை மட்டும் வெளியே எடு. தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் இது மிக முக்கியம், வயர் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். கத்தரிக்கோல் எப்போதும் அலமாரியின் மேல்தட்டில். வெட்டிய முனை கூர்மையாக இருக்கும், குழந்தை குனியும் உயரத்தில் கண்ணுக்கு நேரே நிற்கும். அதனால் அன்றன்று போட்ட வரிசையின் முனைகளைத் தலைகீழாக மடித்து ரப்பர் போட்டு வை. சிலர் முனையை மெழுகுவர்த்தியில் சுடுகிறார்கள். வேண்டாம். உருகிய இடம் கட்டியாகிப் பின்னால் கையைக் கீறும். நான்கைந்து முடிச்சுக்குள்ளே நுழைத்து இழுத்துவிட்டாலே நிற்கும். மொட்டைமாடி வெயிலில் கூடையைக் காயவைக்காதே, நிறமும் போகும், வயரும் மொறுமொறுவென்று ஆகிவிடும். சின்னவனுக்கு மணி, பாசி எதையும் விளையாடக் கொடுக்காதே. மூக்கில் போட்டுக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெரியவளுக்கு மீந்த வயரை முழம் முழமாக வெட்டிக் கொடு. முதலில் சாதாரண முடிச்சு மட்டும் போடட்டும், நெல்லிக்காயெல்லாம் பிறகு.

ஆம்பூர்த் தம்பி, பிளேயர் வைத்திருக்கிறவர் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் கதையா? போன சித்திரையில் பெங்களூருவிலிருந்து வந்த பேரன், பாதி முடிந்த கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஹெல்மெட் என்று தெருவெல்லாம் ஓடினான். அவ்வளவுதான்.

ஆம்பூர் அப்பா:

பாட்டி, பிளேயர் அவர் கையில், பிள்ளை மறுமுனையில். நடுவில் ஒரு கூடை நீளம் இருந்தது.

சத்துவாச்சாரி மருமகள்:

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், யுகாதி பெரிய பண்டிகை. மாமியார் அடுப்படியில் பச்சடிக்கு வேப்பம்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். மாவிலை வந்துவிட்டது, தோரணம் கட்டச் சணல் இல்லை. அதைத் தேடி நான் பக்கத்து வீட்டுக்குப் போய் வருவதற்குள் என் ஏழு வயது மகன், நான் சிவன் கண்ணுக்கென்று வெட்டி வைத்திருந்த ஊதா வயரை எடுத்து, ஒவ்வோர் இலையின் காம்பையும் அதில் முடிச்சுப் போட்டுக் கட்டி முடித்திருந்தான். அத்தனையும் கூடை முடிச்சு! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்தே பழகியிருக்கிறான்.

மாமியார் வெளியே வந்து பார்த்தார். வாசலில் பிளாஸ்டிக்கா என்று கேட்பார் என நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் இலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். இலைதான் கிழிந்தது, முடிச்சு அசையவில்லை. "கட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பாராட்டினாரா, கோபமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தத் தோரணம் இன்னும் தொங்குகிறது. இலைகள் சருகாகிவிட்டன. கழற்ற அவனும் விடவில்லை, அவரும் கழற்றச் சொல்லவில்லை.

சோளிங்கர் மாமா:

எல்லோரும் பிளாஸ்டிக் வயரைப் பற்றியே எழுதுகிறீர்கள். நம் மாநில மரம் பனை. ஓலையில் பின்னினால் பிள்ளைகளுக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது.

பேத்தியை ஸ்கூட்டரில் அழைத்துக்கொண்டு போகும்போது சாலையோரம் நுங்கு விற்கிறவரிடம் நின்றோம். நுங்கைச் சீவிக்கொண்டே அவர் பேத்தியைப் பார்த்தார். கையில் கைப்பேசி, தலை நிமிரவே இல்லை. ஒரு ஓலைக் கீற்றைக் கிழித்து, ஈர்க்கை உருவி எறிந்து, நாலு மடிப்பு மடித்தார். அவ்வளவுதான், ஒரு காற்றாடி. முள்ளில் குத்தி நீட்டினார். லாரி ஒன்று கடந்தது, அந்தக் காற்றில் விர்ரென்று சுழன்றது. பேத்தி கைப்பேசியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அடுத்த லாரி வரட்டும் என்றாள். அதற்கடுத்த லாரியும் வரட்டும் என்றாள். வெயிலில் என் மண்டை பிளந்தது. காலிக் குடுக்கை இரண்டைக் குச்சியில் கோத்து நுங்கு வண்டியும் செய்து தருகிறேன் என்றார் அவர், நான்தான் அவசரம் என்று கிளம்பிவிட்டேன். என்ன பெரிய அவசரம்?

சத்துவாச்சாரி மருமகள்:

மாமா, 2019 ஜனவரியில் தமிழக அரசு தடை செய்தது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்கைத்தான். அதற்குப் பிறகு காய்கறிக் கடைக்காரர் பை தருவதை நிறுத்தியதால்தான் என் அம்மா பரணிலிருந்து பழைய வயர் கூடையை இறக்கினார். என் கல்யாணத்துக்கு முன்பு போட்ட கூடை அது, கைப்பிடிகூட அசையவில்லை. அதையும் பாலித்தீன் பையையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா?

சோளிங்கர் மாமா:

அறுந்த பிறகு எங்கே போகும் அந்தக் கூடை? பாலாற்றுக்குத்தானே?

வாலாஜா பாட்டி:

அறுந்தால்தானே தம்பி.

காட்பாடி அம்மா:

பாட்டி, குண்டான் யோசனை பிரமாதம், சின்னவன் மூடியைத் தட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். சிவப்பு நூல் மட்டும் பலிக்கவில்லை. முடிச்சுக்கு முடிச்சு கட்டி வைத்ததை மகள் அவிழ்த்துப் பொம்மைக்குச் சடை பின்னிவிட்டாள். இப்போது அவளையே எண்ணச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதுக்குப் பிறகு பதினொன்று என்கிறாள், கண் கோணலாகத்தான் வருகிறது.

சோளிங்கர் மாமா, சண்டைக்கு இல்லை, உண்மையாகவே கேட்கிறேன். வேலூர் லாங்கு பஜாரில் வயர் ரோல் கேட்டால் கலர் கலராக எடுத்துப் போடுகிறார்கள். ஓலைக்கு நான் எங்கே போவது?

சோளிங்கர் மாமா:

பனையேறுகிறவர் யாராவது அக்கம்பக்கத்துக் கிராமத்தில் இருப்பார், விசாரியுங்கள். குருத்தோலையாகக் கேளுங்கள், முற்றிய ஓலை பிள்ளைகள் கையை அறுத்துவிடும். ஈர்க்கை நீக்கி, காயவைத்துச் சுருட்டி வையுங்கள். பின்னுவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வளையும், இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் முறியும். முதலில் காற்றாடி செய்யுங்கள். கூடையெல்லாம் அப்புறம்.