எங்கள் ஷூட்டில் இன்னொரு கேமரா: மூன்று பேர் எழுதுகிறார்கள்

புதுச்சேரியில் பத்து வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். போன ஆவணியில் ரோமன் ரோலண்ட் வீதியில் ஒரு ப்ரீ வெட்டிங் ஷூட். விடியற்காலையே போய்விட்டோம். ஏழு மணி தாண்டினால் அந்த மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நிற்க இடம் கிடைக்காது. மாப்பிள்ளை ரொம்பக் கூச்சப்படுகிறவர். விறைத்துக்கொண்டு நின்ற தோள் இறங்கி, முகத்தில் இயல்பாக ஒரு சிரிப்பு வருவதற்கே அரை மணி நேரம் ஆனது.

சரியாக அந்த நேரத்தில் என் படங்கள் இருட்டாக வர ஆரம்பித்தன. ஒன்று நன்றாக வரும், அடுத்தது கறுப்பு. பேட்டரியாக இருக்கும் என்று மாற்றினேன். அப்புறம்தான் கவனித்தேன், நான் ஷட்டரைத் தொடாமலே சாஃப்ட்பாக்ஸுக்குள் (வெளிச்சத்தை மென்மையாக்குகிற துணிப்பெட்டி) ஃப்ளாஷ் வெட்டுகிறது. திரும்பிப் பார்த்தால் எனக்கு நாலடி பின்னால் ஒருவர், கண்ணில் கேமராவோடு. அவரிடமும் என்னிடம் இருக்கும் அதே கோடாக்ஸ் ட்ரிக்கர், ஃப்ளாஷைக் கம்பியில்லாமல் எரிய வைக்கிற கருவி. இரண்டுமே முதல் சேனலில் இருந்தன. அவர் அழுத்தும்போதெல்லாம் என் விளக்கு எரிந்தது. அது மறுபடி சார்ஜ் ஆவதற்குள் நான் அழுத்தினால் எனக்கு இருட்டு.

வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல மாட்டேன். அடுத்து அவருக்கும் அங்கே ஷூட் இருந்தது. "பொது இடம்தானே அண்ணா" என்றார். சரி என்று சேனலை 17-க்கு மாற்றி, எனக்கென்று ஒரு ஐடி எண்ணும் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். (கல்யாண வேலை செய்கிற எல்லோரும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே இதைச் செய்துவிடுங்கள். மண்டபத்தில் நாலு டீம் இருந்தால் நாலும் முதல் சேனலில்தான் இருக்கும்.)

இரண்டாம் நாள் காலையில் பெண் போன் செய்தாள். குரல் நடுங்கியது. "அண்ணா, படத்தை நீங்கதான் போட்டீங்களா?" அவள் ஆபீஸில் யாருக்கும் இன்னும் கல்யாணத்தைச் சொல்லவில்லை. பத்திரிகைகூட அடிக்கவில்லை. இன்ஸ்டாகிராமில் பார்த்தேன். நான் நிறுத்திய போஸ், என் வெளிச்சம், மூலையில் அவருடைய லோகோ. அவள் என்னைச் சந்தேகப்பட்டாள் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். விளக்கு வைத்தவர் அல்ல, போஸ் சொல்லிக் கொடுத்தவரும் அல்ல. போஸ் என் யோசனை என்று வாதாடலாமா என்றால், கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-லேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னும் ஒன்று சொன்னார், அதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி எடுக்கிற படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். அதே சட்டத்தின் 17-வது பிரிவு. அதாவது நான் எடுத்த படம் அந்த ஜோடிக்குச் சொந்தம். யாரிடமும் காசு வாங்காமல் பின்னால் நின்று எடுத்தவரின் படம் அவருக்கே சொந்தம்!

ஆனால் படம் சொந்தம் என்பதால் அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடாது. ஒருவருடைய உருவத்தை அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று 1994-ல் ராஜகோபால் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. லோகோ போட்டுத் தொழில் பக்கத்தில் ஏற்றுவது விளம்பரம் இல்லாமல் வேறென்ன?

நான் வழக்குக்குப் போகவில்லை. படத்தைப் போட்டவரை நேரில் போய்ப் பார்த்து, அந்தப் பெண் எனக்கு அனுப்பியிருந்த குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். அங்கேயே இன்ஸ்டாகிராமிலிருந்து படத்தை நீக்கிவிட்டார்.

என் கருத்து இதுதான். ஷூட்டைப் படம் எடுப்பது வேறு, ஷூட்டின் படத்தை எடுப்பது வேறு. ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுகிற அசிஸ்டென்ட், புடவைக் கொசுவத்தைக் குனிந்து சரிசெய்கிற மேக்கப் அக்கா, சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற பால்காரர், எல்லாம் தெருவில் நடப்பது, தாராளமாக எடுங்கள். என் தோளுக்கு மேலே லென்ஸை நீட்டி என் ஃப்ரேமையே எடுக்காதீர்கள். அந்தச் சிரிப்பு உங்களைப் பார்த்துச் சிரித்தது இல்லை.

*

மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தெருவைவிட மண்டபத்தில்தான் தொல்லை அதிகம். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பா புது கேமரா வாங்கியிருந்தார், பெரிய லென்ஸ். மேடையில் இருபது பேரை நிறுத்திக் குடும்பப் படம் எடுக்கிறேன், பக்கத்திலேயே அவரும் நின்று எடுக்கிறார். இரவு கணினியில் திறந்தால், பாதிப் பேர் என்னைப் பார்க்கிறார்கள், பாதிப் பேர் அவரை. பாட்டி மட்டும் வாசலைப் பார்க்கிறார். எத்தனை படம் எடுத்தும் எல்லார் கண்ணும் ஒரே பக்கம் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பாட்டி இப்போது இல்லை. அந்த வீட்டுக்கு இன்னொரு குடும்பப் படம் கிடைக்கப்போவதில்லை.

மண்டபம் தனியார் இடம். யார் எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியது கல்யாண வீட்டார். ஆனால் சித்தப்பாவை எந்த வீட்டார் தடுப்பார்கள்? அதனால் இப்போதெல்லாம் முகூர்த்தத்துக்கு முன்பே கேமரா வைத்திருக்கிற சொந்தக்காரர்களைத் தேடிப் போய்ப் பேசிவிடுகிறேன். "சார், முதல்ல நான் ரெண்டு எடுத்துக்கறேன், அப்புறம் ஒதுங்கிக்கறேன், எல்லாரையும் உங்களைப் பார்க்கச் சொல்றேன்." இதுவரை ஒருவர்கூட மறுத்ததில்லை. தாலி கட்டும் நேரத்தில் மட்டும் நடுவில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன், அதையும் கேட்கிறார்கள்.

*

நான் எதிர்ப்பக்கம் நின்றவன். தொழில்காரன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு மாமல்லபுரம் போகிறவன். அர்ஜுனன் தபசுக்கு எதிரே ரோட்டோரமாக நின்றிருந்தேன். ஒரு புடவை ஷூட் நடந்துகொண்டிருந்தது. போட்டோகிராஃபர் தரையில் குப்புறப் படுத்திருந்தார். ஒரு ஆடு வந்து அவர் செருப்பை முகர்ந்தது. எடுத்தேன்.

உடனே மேனேஜர் மாதிரி ஒருவர் ஓடி வந்து கேமராவில் கை வைத்தார். "அழி, இப்பவே அழி. நாங்க பர்மிஷன் வாங்கியிருக்கோம்." அவர்கள் வாங்கிய அனுமதி அவர்கள் எடுப்பதற்கு. ரோட்டில் நிற்கிறவனுடைய கேமராவைப் பிடுங்கவோ, மிரட்டி அழிக்க வைக்கவோ அது அதிகாரம் தராது. சொன்னேன், அவர் கேட்கிற நிலையில் இல்லை. சத்தம் கேட்டு போட்டோகிராஃபரே எழுந்து வந்தார். திரையைக் காட்டினேன். சிரித்துவிட்டு, பெரிதாக்கி மாடல் பெண் கட்டியிருந்த புடவையைப் பார்த்தார்.

"தம்பி, இதை அழிக்க வேணாம். எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. ஆனா தீபாவளி வரைக்கும் எங்கயும் போட்டுடாதீங்க. இந்தப் புடவை இன்னும் கடைக்கே வரலை. வெளிய வந்தா எனக்கு அடுத்த வேலை கிடைக்காது."

மேனேஜர் முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் நானும் குரலை உயர்த்தியிருக்க மாட்டேன். அன்று இரவே போட்டோகிராஃபருக்கு அனுப்பினேன். என் பக்கத்தில் போட்டது தீபாவளிக்கு மறுநாள், புடவைத் தலைப்பு தெரியாத மாதிரி ஓரத்தை வெட்டிவிட்டு.