புதுப்பிப்பு: பேட்ச் மாறியது, நிழல் மாறிகள் மட்டும் ஏன் போகவில்லை

முன்பு கேட்டது இதுதான்: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை, எடைமேடை சர்வர். குலை லோரிகள் வரிசைகட்டி நிற்க, ரீபூட் செய்ய முடியாது. லினக்ஸ் கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடவிட்டே பேட்ச், அதாவது திருத்தம், போடுகிறோம். புது பேட்ச் வந்த பிறகும் பழைய பேட்சின் கூடுதல் தரவு (இதைத்தான் நிழல் மாறிகள் என்பார்கள்) நினைவகத்திலேயே கிடந்தது.

காரணம் பிடிபட்டது. ஓடும் கர்னலில் ஒரு ஸ்ட்ரக்சரின் (பல தரவுகளைச் சேர்த்து வைக்கும் கட்டமைப்பு) அளவை மாற்ற முடியாது. அதனால் புதுத் தரவைத் தனி ஹாஷ் டேபிளில் (சாவியை வைத்துத் தரவைத் தேடும் அட்டவணை), மூலப் பொருளின், அதாவது அந்த ஸ்ட்ரக்சரின், நினைவக முகவரியும் ஓர் ஐடியும் சாவியாக வைப்பார்கள். லினக்ஸ் 4.15 பதிப்பில் வந்த வசதி. மூலப் பொருள் விடுவிக்கப்படும்போது இதையும் விடுவிப்பது பேட்ச் எழுதுபவர் வேலை. அதைச் செய்யாமல் விட்டால் நினைவகம் கசிவதோடு போகாது. அதே முகவரிக்கு வரும் புதுப் பொருள் பழையதின் தரவைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். லயத்தில் காலி செய்து போனவரின் கடைக்கடன் புதிதாகக் குடிவந்தவர் தலையில் விழுகிற மாதிரி.

எங்கள் பழைய பேட்ச், எல்லாவற்றையும் துடைக்கும் அழைப்பைத் தன் போஸ்ட்-அன்பேட்ச் கால்பேக்கில்தான் (பேட்ச் நீக்கப்பட்ட பின் கர்னல் கூப்பிடும் செயல்கூறு) வைத்திருந்தது. 5.1 பதிப்பில் வந்த அட்டாமிக் ரீப்ளேஸ் முறையிலோ (புது பேட்ச் பழையவற்றை ஒரேயடியாக மாற்றுவது) புது பேட்சின் கால்பேக்குகள் மட்டுமே ஓடும். பழையதை யாரும் கூப்பிடுவதில்லை! ஆவணத்தில் தெளிவாகவே இருக்கிறது, யார் அதுவரை படிக்கிறார்கள்?

இப்போது துடைக்கும் வேலை புது பேட்சின் போஸ்ட்-பேட்ச் கால்பேக்கில் (பேட்ச் போட்டு முடிந்த பின் ஓடுவது). "ரீபூட் பண்ணுங்க லா" என்ற அண்ணனுக்கும் நன்றி.

ஒன்று: அதே ஐடியை உங்கள் புது பேட்சும் பயன்படுத்தினால் துடைக்காதீர்கள், அந்தத் தரவு இன்னும் புழக்கத்தில் இருக்கும்.