‘நிஷ் பார்ட்டிஷனிங்’: வாழிடப் பங்கீடா, துறைபிரிதலா?

> ‘வாழிடப் பங்கீடு’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஒரே இடத்தில் வாழும் நெருங்கிய இனங்கள் பிழைக்கும் விதத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொள்வதைச் சூழலியலில் ‘நிஷ் பார்ட்டிஷனிங்’ என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறேன். ‘வாழிடப் பங்கீடு’ என்றால் புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பங்கீடு என்றதும் எனக்கு ரேஷன் கடைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே அளந்து கொடுக்க ஓர் ஆள் உண்டு. காட்டில் யார் இருக்கிறார்கள்?

நான் மொழிபெயர்க்கும் பகுதி ஜப்பானின் இரண்டு காட்டெலிகளைப் பற்றியது. அக்கநெசுமி 20 முதல் 60 கிராம் வரை இருக்கும். ஹிமெநெசுமி 10 முதல் 20 கிராம்தான். ஒரே பேரினம். ஒரே காட்டில் ஒரே ஓக் விதைக்கு அலைபவை. ஆனால் பெரியது பெரும்பாலும் தரையிலேயே பிழைக்கும். கல் மாதிரி இருக்கும் காட்டு வால்நட்டின் இரு பக்கமும் வட்டமாகத் துளை போட்டுப் பருப்பைச் சுரண்டிவிடும். (அணில் தின்றிருந்தால் கொட்டை சரிபாதியாகப் பிளந்து கிடக்கும். ஓட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்!) சின்னது நீண்ட வாலோடு மரமேறும், பறவைக்கென்று மாட்டிய பெட்டியில் இலையைத் திணித்துக் குடியேறிவிடும்.

ஆக, வாழிடம் ஒன்றுதான், பிரிந்திருப்பது பிழைப்பு.

‘மாடம்’ என்றும் ஒருவர் சொன்னார். பிரெஞ்சில் நிஷ் என்றால் சுவரில் சிலை வைக்கும் மாடக்குழிதான், சரி. 1917இல் அமெரிக்க விலங்கியலாளர் கிரின்னெல் ‘நிஷ்’ பற்றி எழுதியபோது வாழும் சூழலையே அழுத்திச் சொன்னார். 1927இல் ஆங்கிலேயச் சூழலியலாளர் எல்டன் அதை விலங்கின் தொழில் ஆக்கிவிட்டார். மாடம் அவ்வளவு தூரம் வராது.

நிஷுக்கு என் யோசனை ‘வாழ்துறை’. எங்கள் ஊர் ஆற்றில் குளிக்க ஒரு துறை, துணி வெளுக்க ஒரு துறை, மாடு கழுவக் கீழே ஒரு துறை. ஆறு ஒன்றுதான். துறை என்றால் இடமும் ஆகிறது, தொழிலும் ஆகிறது. பார்ட்டிஷனிங்குக்குத் ‘துறைபிரிதல்’. பிரித்தல் அல்ல, பிரிப்பவர் யாரும் இல்லை.

---

> பார்ட்டிஷனிங்குக்குத் ‘துறைபிரிதல்’.

‘வாழ்துறை’க்கு என் ஓட்டு. வெறும் ‘துறைபிரிதல்’ வேண்டாம் தம்பி. காட்டெலிகள் துறைபிரிந்தன என்றால் வனத்துறையில் இடமாற்றல் உத்தரவு வந்த மாதிரி இருக்கிறது. ‘வாழ்துறை பிரிதல்’ என்று முழுதாகவே எழுதுங்கள்.

அப்புறம், இப்படி ஒரே காட்டில் இருக்கும் நெருங்கிய இனங்களுக்கு ‘பங்காளி இனங்கள்’ எப்படி? உறவும் உண்டு, போட்டியும் உண்டு. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘இவ்விரு பங்காளி இனங்களும் வாழ்துறை பிரிந்தவை.’ நாக்கில் தடங்கல் இல்லை.