தீபாவளித் தட்டு: காலையில் அடுக்கினது சாயங்காலம் நமுத்துப் போகுது, எங்கே தப்பு?

கொள்ளிடக்கரை:
மாயவரம் பக்கம். தெருவில் 12 வீட்டுக்குத் தட்டு கொடுக்கணும். ஒரு தட்டுக்கு அசோகா (பாசிப்பருப்பு அல்வா) 100 கிராம், சந்திரகலா (உள்ளே கோவா வச்சுப் பொரிச்சுப் பாகில் ஊறின இனிப்பு) 2, அதிரசம் 3, மாலாடு (பொட்டுக்கடலை மாவு உருண்டை) 4, ஒரு கை தேன்குழல், வெற்றிலை பாக்கு. 10 அங்குல எவர்சில்வர் தட்டு, அடியில் நறுக்கின வாழை இலை, மேலே பிளாஸ்டிக் தாள் இறுக்கி.

மாதிரிக்கு ஒண்ணு அடுக்கிப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் அசோகா நெய்யைக் கக்கி மாலாடு அடியெல்லாம் குழைஞ்சு போச்சு. சந்திரகலா பாகு வடிஞ்சு இலையில் தேங்குது, தேன்குழல் ரப்பர் மாதிரி. அதிரசம் தட்டுக்கே வந்து சேரலை, எண்ணெயில் போட்டதும் பிரிஞ்சு 10க்கு 4 தான் தேறுச்சு. அசோகா 200 கிராம் பருப்புக்கு 400 கிராம் நெய். அதிரசத்துக்குப் பாகு ஒரு கம்பிப் பதம் (விரலில் தொட்டு இழுத்தால் ஒரு கம்பி வர்ற பதம்). எதை மாத்தணும்?

வாழைச்சருகு:
முதலில் தட்டைப் பார்ப்போம், பலகாரம் அப்புறம். ஈரம் இருக்கிற பண்டத்திலிருந்து இல்லாத பண்டத்துக்கு ஈரம் போயே தீரும். அசோகாவும் சந்திரகலாவும் ஈரப் பண்டம், மாலாடும் தேன்குழலும் உலர்ந்தவை. நாலையும் ஒரே தாளுக்குள் மூடினால் தேன்குழல்தான் முதலில் பலி. ஐப்பசி மழைக்காற்றிலே திறந்து வைத்தாலே நமுக்கும், மூடின தட்டில் கேட்கவே வேண்டாம்.

தாளைத் தட்டி, உள்பக்கம் துளித்துளியாக நீர் நிற்கிறதா பாருங்கள். நின்றால் அது பச்சை வாழை இலையும் கழுவின வெற்றிலையும் விட்ட ஈரம். வெற்றிலையை நிறைய பேர் கழுவி உதறிவிட்டு அப்படியே சொருகிடுறாங்க. கொழுந்து வெற்றிலையின் பின்புற நரம்பு ஓரத்தில் தண்ணீர் ஒட்டியே இருக்கும், துணியால் ஒற்றி 1 மணி நேரம் நிழலில் காயவிட்ட பிறகுதான் வைக்கணும். இலைக்கும் அதே கதை. தணலில் வாட்டினது, இல்லாவிட்டால் வாழைச் சருகு. சருகு கிடைக்காத ஊர் டெல்டாவில் உண்டா என்ன?

தேன்குழல் தனிப் பையில் கட்டி, கொடுக்கும்போது தட்டின் மேல் வையுங்கள். நமுத்துப் போனதை 120 டிகிரி ஓவனில் 10 நிமிஷம் வைத்து, முழுசாக ஆறவிட்டு டப்பாவில் போட்டால் மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பிடும்.

மேலவீதி:
அசோகாவுக்கு 400 நெய் அதிகம். திருவையாற்றில் சுடச்சுட இலையில் வாங்கிச் சாப்பிடும்போது நெய் ஓடினால் அழகு, தட்டில் ஓடினால் அவதி.

12 தட்டுக்கு 1.2 கிலோ வேணும். வறுத்த பாசிப்பருப்பு 200 கிராம், தண்ணீர் 600 மி.லி., கோதுமை மாவு 50, சர்க்கரை 400, நெய் 250. பருப்பைக் குழைய வேகவைத்து மசிங்க. மாவை 100 கிராம் நெய்யில் பச்சை வாசனை போக வறுத்து, மசித்த பருப்பைச் சேர்த்துக் கிளறி, மாவு வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாடியே சர்க்கரை போட்டால் மாவு வேகாமல் நின்றுபோகும், வேகாத மாவு நெய்யைப் பிடித்துக்கொள்ளாது. மிச்ச நெய்யைக் கரண்டி கரண்டியாக விடுங்க. சட்டி ஓரத்தில் நெய் பிரிந்ததும் அடுப்பை அணைத்து, சட்டியை ஒருபக்கம் சாய்த்து 20 நிமிஷம் வைத்தால் கூடுதல் நெய் கீழே தேங்கும். அதை எடுத்து வைத்துக் கேசரிக்குப் பயன்படுத்தலாம்.

தட்டில் நேரடியாக வைக்காதீங்க. வாட்டின இலையில் தொன்னை தைத்து, அதில் ஆறின அசோகா.

பாகுப்பதம்:
அதிரசம் பிரிந்ததற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கு. ஒரு கம்பி சந்திரகலாவுக்கு. அதிரசத்துக்கு, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் விரலில் இளம் உருண்டையாகத் திரளணும், எடுத்தால் கொஞ்சம் தளர்ந்து உட்காரணும். உருண்டை 'டங்'குன்னு சத்தம் போட்டால் பதம் தாண்டிடுச்சு, அதிரசம் கல்லாகும். வெப்பமானி இருந்தால் கம்பிக்கு 105 டிகிரி, இளம் உருண்டைக்கு 112 முதல் 115 டிகிரி.

36 அதிரசத்துக்கு 1 கிலோ பச்சரிசி, 750 கிராம் வெல்லம். உடைந்தது, ருசி பார்த்தது எல்லாம் போக 36 தேறிடும். அரிசி 2 மணி நேரம் ஊறி, வடிந்து, துணியில் நிழலில் 15 நிமிஷம். அதை அரைத்த மாவைப் பிடித்தால் பிடிபடணும், தட்டினால் உதிரணும். கடையில் விற்கிற காய்ந்த அரிசி மாவு வேண்டாம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக்குங்க. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற வெல்லத்தில் பாகு ஒழுங்காகத் திரளாது.

இப்போ கையில் இருக்கிற மாவைக் கொட்டாதீங்க. ஒரு கைப்பிடி ஈர அரிசி மாவு சலித்துப் பிசைந்து, ஒரு ராத்திரி மூடி வைத்து, ஒன்றே ஒன்று தட்டிப் போட்டுப் பாருங்க. பிரிந்தால் இன்னும் ஒரு கைப்பிடி.

கொள்ளிடக்கரை:
ஒரு கைப்பிடி சேர்த்து ராத்திரி வச்சேன் அண்ணா. இப்போ பிரியலை, ஆனா மேலே கறுத்து நடுவில் மாவாகவே நிக்குது. எண்ணெயும் நிறைய குடிக்குது.

பாகுப்பதம்:
மேலே கறுப்பு, உள்ளே மாவு என்றால் எண்ணெய் அதிகச் சூடு. துளி மாவு போட்டால் ஒரு நொடி அடியில் தங்கி அப்புறம் மேலே வரணும், உடனே துள்ளி வந்தால் தீயைக் குறைங்க. தடிமன் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் போதும். எண்ணெயை விட்டு எடுத்த அந்த நிமிஷமே இரண்டு கரண்டிக்கு நடுவில் அழுத்தணும், ஆறினால் எண்ணெய் வெளியே வராது. பிறகு சல்லடையில் படுக்கப் போடாமல் வரிசையாக நிற்க வையுங்க. படுக்கப் போட்டால் மேல் அதிரசத்து எண்ணெய் கீழ் அதிரசத்துக்குத்தான் போகும்.

மேலவீதி:
சந்திரகலா 24க்கு மைதா 300, நெய் 60, இனிப்பில்லாத கோவா 200, பொடித்த சர்க்கரை 60, முந்திரி 25. கோவாவை வாணலியில் ஒட்டாமல் திரளும்வரை வறட்டி, ஆறின பிறகு சர்க்கரை. சூட்டில் சேர்த்தால் இளகி, ஓரம் ஒட்டாது. ஓரம் பிரிந்த சந்திரகலாவுக்குள் பாகு புகுந்துவிடும், அதுதான் பிறகு சொட்டுச் சொட்டாக வடியும். சின்னத் தீயில் பொரிக்கணும்.

பாகில் 3 நிமிஷம், பிறகு கம்பி வலையில் 2 மணி நேரம். தட்டில் ஏறும்போது தொட்டால் விரலில் பிசுபிசுக்கணும், வழியக்கூடாது.

வாழைச்சருகு:
பாகில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சர்க்கரை பூக்காது, அதாவது மேலே வெள்ளையாகப் படியாது.

மேலவீதி:
நாலு சொட்டோடு நிறுத்தினால் சரி. கூடினால் பாகு இறுகாமலே நின்று, நம்ம மழைக்காற்றில் ஈரத்தை இழுத்து இன்னும் வடியும். வடியறதுதான் இவங்க பிரச்சினை, அதனால் நான் எலுமிச்சையே வேண்டாம்னு சொல்வேன். லேசாகப் பூத்தாலும் ருசி கெடாது.

அடுப்படி அக்கா:
தம்பி, நாளைக் கணக்குப் போட்டுக்கப்பா, அதில்தான் பாதி வெற்றி. நாலு நாள் முன்னாடி அதிரச மாவு. மூணு நாள் முன்னாடி மாலாடு, தேன்குழல். மாலாடு 48க்கு பொட்டுக்கடலை மாவு 600, சர்க்கரைப் பொடி 450, காய்ச்சின நெய் 200. மாவைச் சலிக்காமல் பிடித்தால் உருண்டை வெடிக்கும். இரண்டு நாள் முன்னாடி அதிரசம் சுடு. முதல் நாள் காலையில் சந்திரகலா, ராத்திரி அசோகா. கோவா பண்டத்தை அதுக்கு முன்னாடி தொடாதே, கொடுக்கும்போதும் "இன்னைக்கே சாப்பிட்டுடுங்க"ன்னு வாயால் சொல்லிடு. நீடாமங்கலம் பால்திரட்டு (பாலைச் சுண்டக் காய்ச்சின இனிப்பு) வைக்கலாம்னு யாராவது ஆசை காட்டுவாங்க, 12 வீட்டுத் தட்டுக்கு வேண்டாம்.

கங்கா ஸ்நானம் முடிந்து அடுக்கினால் போதும். நடுவில் அசோகா தொன்னை. அதை ஒட்டி சந்திரகலா, தனிக் காகிதக் கிண்ணத்தில். எதிர்ப்பக்கம் மாலாடு, அதுவும் கிண்ணத்தில். இரண்டுக்கும் நடுவில் அதிரசத்தைச் சாய்த்து அடுக்கு, அதுவே சுவர் மாதிரி நிற்கும். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், மேலே ஒரு சருகு, அதுக்கு மேலே துணி.

எவர்சில்வர் தட்டு கொடுத்தால் வெறுந்தட்டா திரும்பாது, அவங்க வீட்டுப் பலகாரம் ஏறித்தான் வரும். உன்னிடம் 12 தட்டு ஒரே மாதிரி இருந்தால் அடியில் ஒரு புள்ளி வைத்துக்க, இல்லாட்டி பாக்குமட்டைத் தட்டு வாங்கிடு.

கொள்ளிடக்கரை:
அக்கா சொன்ன மாதிரி ஒரு தட்டு அடுக்கி 8 மணி நேரம் வச்சுப் பார்த்தேன். மாலாடு அப்படியே இருக்கு, சந்திரகலா கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் பாகு மட்டும். மிச்ச அசோகாவை ஃப்ரிட்ஜில் வைத்ததில் நெய் வெள்ளையாக உறைஞ்சிருக்கு, அப்படியே கொடுக்கலாமா?

மேலவீதி:
வேண்டாம். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, ஒரு ஸ்பூன் வெந்நீர் தெளித்துக் கிளறினால் நெய் மறுபடி உள்ளே போகும். ஆறின பிறகுதான் தொன்னையில் போடணும்.