1888 ஒயிட்சாப்பலைச் சின்ன பட்ஜெட்டில் எடுப்பது: செட்டில் எது சொதப்பும்?

ஆர்ட் பக்கம்:
1888-இல் லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில் பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாத கொலைகாரன் ஜாக் த ரிப்பர். அவன் கதை என்றாலே எல்லாரும் முதலில் தெருவைத் தேடிப் போகிறார்கள். பணம் குறைவா, அறையைப் பிடியுங்கள். அவனிடம் பலியான மேரி ஜேன் கெல்லி 1888 நவம்பர் 9 அன்று கொல்லப்பட்ட மில்லர்ஸ் கோர்ட் 13-ஆம் எண் அறை ஏறக்குறைய 12 அடிக்கு 10 அடிதான். கட்டில், மேசை, கணப்பு, கண்ணாடி உடைந்த ஜன்னல், அவ்வளவே. ப்ளைவுட்டில் அடித்துவிடலாம். ஆனால் இரண்டு சுவராவது கழற்றி மாட்டும்படி இருக்கணும். இல்லாவிட்டால் கேமராவுக்குப் பின்வாங்க இடமிருக்காது. எல்லா ஷாட்டையும் வைட் லென்ஸில் எடுத்து, பொந்து மாதிரி இருக்கவேண்டிய அறை ஹாலாகத் தெரியும்.

தெரு தவிர்க்கவே முடியாதென்றால் ஒரே சந்து போதும். இன்றைய சாலையின் மஞ்சள் கோடுகளை மண்ணும் மரத்தூளும் போட்டு மூடி, தரையை நனைத்துவிடுங்கள். டேக்குக்கு டேக் தண்ணீர் அடிக்கத் தனி ஆள் வேண்டும். பாதி காய்ந்த தரை எடிட்டிங்கில் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டாக் காட்சியில் முழு டவர் பிரிட்ஜ் வரக்கூடாது, அது திறந்தது 1894-இல்.

லைட்டிங்:
காஸ் மேன்டில் (காஸ் விளக்கைப் பளிச்சென்று எரியவைக்கும் வலை) பரவலாகாத காலம் அது. தெருவிளக்கில் எரிந்தது மங்கலான மஞ்சள் சுடர். டங்ஸ்டன் விளக்கை டிம்மரில் பாதிக்கு இறக்கி, அரை சிடிஓ ஜெல் (வெளிச்சத்தை ஆரஞ்சாக்கும் வண்ணத்தாள்) போட்டு, கேமராவின் வொயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் பூட்டுங்கள். ஆட்டோ வொயிட் பேலன்ஸில் விட்டால் அந்த மஞ்சளைக் கேமராவே துடைத்துவிடும். சுடரைப் படபடக்க வைக்காதீர்கள்; கண்ணாடிக் கூண்டுக்குள் எரிவது லேசாகத்தான் ஆடும்.

மூடுபனிக்காகப் புகை விடலாமா என்று கேட்டவருக்கு:
கொலை நடந்த இரவுகளில் அடர்ந்த மூடுபனி இருந்ததாகப் பதிவே இல்லை. ஆகவே புகை வைக்காமலே விடலாம், செலவும் மிச்சம். வைத்தே தீருவேன் என்றால் செட்டுக்குள் ஹேசர் (மெல்லிய புகைமூட்டம் விடும் மெஷின்). வெளியே காற்றடித்தால் ஷாட்டுக்கு ஷாட் அடர்த்தி மாறும். உலர்பனிக்கட்டியை மூடிய அறையில் போடவே போடாதீர்கள். அந்தக் கரியமிலவாயு தரையோடு தேங்கும், பிணமாகப் படுத்திருக்கும் நடிகைக்குத்தான் முதலில் மூச்சு முட்டும்.

காஸ்ட்யூம், மேக்கப்:
டாப் ஹேட், கறுப்பு அங்கி, டாக்டர் பை எல்லாம் பிற்கால ஜோடனை. கொலை நடந்த இடங்களில் ஒன்றான மைட்டர் சதுக்கத்தருகே ஜோசப் லாவெண்டே என்ற சாட்சி பார்த்த ஆள் போட்டிருந்தது முன்விளிம்பு வைத்த துணித்தொப்பி. வாடகைக்கும் அதுதான் மலிவு. இன்னொன்று: மைட்டர் சதுக்கம் சிட்டி போலீஸ் (லண்டன் நகர மையத்துக்கான தனிப் போலீஸ்) எல்லை. கான்ஸ்டபிள் கைப்பட்டை அங்கே சிவப்பு வெள்ளை, மற்ற இடங்களில் நீல வெள்ளை.

பெண்களுக்குப் பழைய துணிக்கடைப் பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மைட்டர் சதுக்கத்தில் கொல்லப்பட்ட கேத்தரின் எடோஸ் அப்படித்தான் உடுத்தியிருந்தார். ஜிப்பைப் பிரித்துவிட்டுக் கொக்கி தையுங்கள். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, டீத்தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்தபின் முல்தானி மட்டி தூவினால் போதும்.

ரத்தம்: ஒரு கப் கார்ன் சிரப், ஒரு டீஸ்பூன் சிவப்பு உணவு நிறம், அரை டீஸ்பூன் கோகோ பவுடர், நீலம் ஒரு சொட்டு. மேலே சொன்ன மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு தக்காளி சாஸாகத் தெரியும். அந்த விளக்கடியிலேயே பார்த்து நீலமும் கோகோவும் கூட்டுங்கள். கறை போக ஒரு ஸ்பூன் பாத்திர சோப்பு திரவம் கலப்பதுண்டு. வாய், கண் பக்கம் வரும் ரத்தத்தில் அது கூடாது. ரத்தம் படும் உடுப்புக்கு மூன்று செட்.

சவுண்ட்:
அந்தப் பாகு தரையில் வழிந்தால் செருப்பு ஒட்டி ஒட்டிச் சத்தம் போடும். டயலாக் டேக்குக்கு முன் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.