ஆறாம் பத்தி

பர்மாவின் ரங்கூன் நகரத்துப் பேயர் தெருவில், இப்போது பன்சோடான் என்று வழங்கும் தெருவின் நடைபாதையில், என் தந்தையார் தட்டச்சுப்பொறி வைத்து மனு எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பள்ளி விடுமுறையில் கார்பன் தாள்களை அடுக்கிக் கொடுப்பது என் வேலை. 1958-இல், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அங்கே வந்த ஒருவரை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அவர் பர்மாவின் சிறுபான்மை இனங்களில் ஒன்றான கரேன் இனத்தவர். ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர். 1949 ஜனவரி இறுதியில் ரங்கூனை ஒட்டிய இன்செயினில் கரேன் கிளர்ச்சியாளர்களுக்கும் அரசுப் படைக்கும் சண்டை மூண்டபோது, தாமும் கரேனியரான தலைமைத் தளபதி ஸ்மித் டன் விலக்கப்பட்டு அவருடைய இடத்துக்கு நே வின் வந்தார். கரேன் படைப்பிரிவுகளில் சில கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்துவிட்டதால், சேராமல் நின்றவர்கள் மீதும் ஐயம் விழுந்தது. இவரை முதலில் விடுப்பில் போகச் சொன்னார்கள். பின்னர் பணிநீக்க உத்தரவு வந்தது. என்ன குற்றம் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

அதனால்தான் மனு எழுதுவது கடினமாக இருந்தது. சொல்லப்படாத குற்றத்தை எப்படி மறுப்பது? தந்தையார் அவருடைய பணிக்காலத்தைத் தேதிவாரியாக அடுக்கினார். 1942-இல் ஜப்பானியர் முன்னேறியபோது படையோடு பின்வாங்கி, எல்லை ஊரான தமு வழியாக இந்தியாவுக்கு நடந்ததை அவர் சொன்னபோது, தந்தையாரின் விரல்கள் நின்றுவிட்டன. அதே ஆண்டில், அதே தமு பாதையில், என் பாட்டியை முதுகில் சுமந்து நடந்தவர் தந்தையார். அன்றுமுதல் கேப்டனிடம் கூலி வாங்கவில்லை.

ஆறாம் பத்தியில்தான் இருவருக்கும் வாக்குவாதம் எழுந்தது. கேப்டனின் தம்பி கிளர்ச்சியாளர் பக்கம் போயிருந்தார். அதையும் எழுத வேண்டும் என்றார் கேப்டன். "யாரும் கேட்காததை நாமே ஏன் சொல்ல வேண்டும் ஐயா? இந்த ஒரு பத்தி மற்ற ஐந்தையும் அழித்துவிடும்" என்று தந்தையார் மன்றாடினார். "மறைத்து வாங்கிய பதவியில் நான் எப்படி நிற்பேன், சயா? தம்பி போனான், நான் போகவில்லை. அதுதானே என் விசுவாசத்துக்குச் சாட்சி" என்றார் கேப்டன். 'சயா' என்பது பர்மியர் மரியாதையாக அழைக்கும் சொல். தொழில் தெரிந்தவர் என்ற முறையில் தந்தையார் சொன்னது சரி. ஆனால் எனக்கு இன்றும் கேப்டன் பக்கமே மனம் சாய்கிறது.

மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. அவர் மீண்டும் மீண்டும் வந்தார். தேதி மாற்றி, முகவரி மாற்றி மனு போனது. 1962 மார்ச்சில் ஆட்சி ராணுவத்தின் கைக்குப் போன பிறகு ஒரே ஒருமுறை வந்து, தந்தையாரின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

தந்தையார் காலமான பின் அவருடைய தகரப் பெட்டியில் அந்த மனுக்களின் கார்பன் படிகள் கிடைத்தன. மொத்தம் பதினொன்று. ஆறாம் பத்தி எதிலும் விடுபடவில்லை.