மஞ்சி மில்லுக்கு வந்த சீனத்து அம்மாவும் எங்கள் எல்லை ஊரும்

“சீனாக்காரன் ரத்தத்திலேயே உழைப்பு இருக்கு, நம்மாளுக்கு வாய் மட்டுந்தான் இருக்கு.” இந்தப் பேச்சைக் கொழிஞ்சாம்பாறை டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், சீனாவுக்குச் சரக்கு அனுப்புகிற முதலாளிகள் வாயாலும் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஏன் என்று என் அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா எங்களுக்கு. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், கோபாலபுரத்தை ஒட்டி, பெரியப்பா மகனுடைய மஞ்சி மில். தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்து, காயவைத்து, பேல் என்கிற பொதியாகக் கட்டி, தூத்துக்குடி வழியாகச் சீனாவுக்கு அனுப்புகிறோம். பொள்ளாச்சி வட்டாரத்து நாருக்குப் பெரிய வாடிக்கை சீனாதான். அங்கே மெத்தைக்குள் போகிறது. வாங்குகிறவர்கள் இங்கே வருவார்கள், நாங்கள் அங்கே போவோம். அப்படி வந்த பழக்கம் இது.

கொரோனாவுக்கு முந்தைய வருஷங்களில் ஷான்டோங் மாகாணத்திலிருந்து ஒரு அம்மா சரக்குப் பார்க்க வருவார். ஐம்பதை ஒட்டிய வயசு, குட்டையாக வெட்டிய முடி, தோளில் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க். ஆபீஸ் அறையில் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார், நேரே குடோனுக்குத்தான் போவார். அடுக்கில் மேலே இருக்கிற பேலைத் தொடுவதில்லை. அடி வரிசையில் ஒன்றை உருவச் சொல்லி, ஈரம் பார்க்கிற மீட்டரின் கம்பியை நடுவரைக்கும் குத்துவார். 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அந்த பேல் கழிந்தது. அதோடும் விடமாட்டார். ஒரு கொத்து நாரை இழுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். அதைப் பார்த்து, களத்தில் நார் கலைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தர் சொன்னார்: “நாங்களும் அப்படித்தானுங்க பாப்போம். மீட்டரு பொய் சொல்லும், கன்னம் சொல்லாது.” கூட வந்த மொழிபெயர்ப்புப் பையன் அதைச் சொன்னதும் அந்தம்மா அக்கா பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் கேள்விதான். நாள் கூலி எவ்வளவு? எத்தனை பிள்ளைகள்? வீட்டுக்காரர் குடிப்பாரா? எங்கள் ஊர்ப் பாட்டிகள் புதுசாக வந்த மருமகளிடம் கேட்பதுபோல ஒளிவுமறைவு இல்லாத கேள்விகள். மூத்தவள் நர்சிங் படிக்கிறாள் என்று அக்கா சொன்னபோது அந்தம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் கதையைச் சொன்னார்: பதினாறு வயசில் ஊரைவிட்டு மில் வேலைக்குப் போனது, கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு மறுபடி நகரத்துக்குப் போனது, புத்தாண்டு லீவில் மட்டும் பார்த்தது. “பச்சைப் பிள்ளையை விட்டுட்டு எப்படிங்க இருந்தீங்க?” என்று அக்கா கேட்டார். அந்தம்மா எழுந்து அடுத்த பேலுக்குப் போய்விட்டார்.

சாப்பிடக் கொழிஞ்சாம்பாறைக்குக் கூட்டிவந்தேன். எங்கள் பக்கத்து ஓட்டல்களில் பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த சிவப்புத் தண்ணீர் வைப்பார்கள், தெரியுமே. ஜக்கு முழுவதையும் அந்தம்மாவே குடித்துத் தீர்த்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கே போனாலும் ஐஸ் தண்ணீர் கொடுத்தே கொன்றுவிட்டார்களாம்.

அங்கே போய்ப் பார்த்தால், வசதியில் அவர்கள் நம்மைவிட எவ்வளவு முன்னே போய்விட்டார்கள் என்பதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. எனக்கு உறைத்தது ரயிலில். பெய்ஜிங்–ஷாங்காய் அதிவேகப் பாதை 1,318 கிலோமீட்டர். 2008 ஏப்ரலில் வேலை தொடங்கி 2011 ஜூனில் ரயில் ஓடியது. அதே 2008-இல், டிசம்பரில், எங்கள் பாலக்காடு–பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்துவதாகச் சொல்லி மூடினார்கள். அறுபது கிலோமீட்டர்கூடத் தேறாது. திரும்ப ரயில் வந்தது 2015-இல். அந்த வருஷங்களில் கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் ஸ்டேஷன்களில் புல் மண்டிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். இதை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் அந்த ஏழு வருஷத் தாமதத்துக்குத் தண்டவாளம் போட்ட தொழிலாளியின் சுபாவமா காரணம்? பணம் ஒதுக்கியது எப்போது, எவ்வளவு, யாருக்கு அவசரம் இருந்தது, இதில்தான் காரணம் இருக்கிறது. 1990 வாக்கில் தலைக்குச் சராசரி வருமானத்தில் இரண்டு நாடும் ஏறக்குறைய ஒன்று. டாலர் கணக்கில் நாம் கொஞ்சம் மேலேகூட இருந்தோம். இன்று அவர்கள் நம்மைப்போல் ஐந்து மடங்கு அளவில் இருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்குள் ஒரு இனத்தின் ரத்தம் மாறிவிடுமா?

மாறியதெல்லாம் ஏற்பாடு. சென்சென் பொருளாதார மண்டலத்தை அவர்கள் 1980-லேயே திறந்துவிட்டார்கள். நமக்குக் கதவு திறந்தது 1991-இல். அதைவிட முக்கியம், கதவு திறக்கும்போது உள்ளே இருந்த ஜனங்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது. அவர்களுடைய 1990 கணக்கெடுப்பில் வயசுக்கு வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 78 சதவீதம் அளவில். நம்முடைய 1991 கணக்கெடுப்பில் இந்தியா முழுமைக்கும் 52. அங்கே நிலச் சீர்திருத்தம், கிராமத்துக்குக் கிராமம் ஆரம்ப வைத்தியம், பெண்கள் வேலைக்குப் போவது எல்லாம் முன்னமே நடந்திருந்தது. மில் வைத்தவனுக்கு இயந்திரத்தின் பலகையைப் படிக்கத் தெரிந்த பெண்கள் தயாராகக் கிடைத்தார்கள். அந்தம்மா அப்படிக் கிடைத்த ஒருத்தர்தான்.

இதே 1991 கணக்கில் கேரளம் 90 சதவீதம். சீனாவையே தாண்டி நின்றது. குழந்தைப் பிறப்பைக் குறைத்ததிலும் அப்படித்தான். அவர்கள் ஒரு குழந்தைச் சட்டத்தைப் போட்டுக் கட்டாயப்படுத்திக் குறைத்ததை, அதே காலத்தில் கேரளம் கட்டாயம் இல்லாமல், பெண்களின் படிப்பை வைத்தே குறைத்தது. அமர்த்தியா சென் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்.

எல்லை ஊர்க்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டியதில்லை. பெரியப்பா வீடு தமிழ்நாட்டில், எங்கள் வீடு கேரளத்தில். ஒரே குலதெய்வம், ஒரே சாப்பாடு, ஒரே கோபம். ஆனாலும் பெரியம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்தால் எங்கள் குடும்பாரோக்ய கேந்திரத்தில் (அரசு சுகாதார நிலையம்) இருக்கிற வசதியைப் பற்றித்தான் பேசுவார். எங்கள் வீட்டில் தொழில் தொடங்கப் பணம் புரட்டியவன் எல்லாம் மில்லை அந்தப் பக்கம்தான் போட்டான். இங்கே கூலி கூடுதல், சுமைத் தொழிலாளர் சங்கத்தோடு பேசி முடிப்பது தனி வேலை. அங்கே பஸ்சும் ரோடும் ஆளும் சுலபம். ஒரே ரத்தம், எல்லைக் கல்லைத் தாண்டினால் வேறு மாதிரி வாழ்கிறது. இதில் எதை இனத்தின் குணம் என்று சொல்வது? பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயசுக்குள் சாகிறவை இந்தியா முழுக்க 25. கேரளத்தில் 5, அதாவது சீனாவை ஒட்டிய கணக்கு. இரண்டும் ஒரே தேசிய குணத்திலிருந்து வர முடியாது.

எங்கள் எல்லையில் இருக்கிற வாளையாறு செக்போஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலைக்கு முன்னால் அங்கே லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். டிரைவர்கள் லாரிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். “இந்தியாக்காரனுக்கு நேரத்தின் அருமை தெரியாது” என்று அதைக் காட்டிப் பேசியவர்கள் உண்டு. ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனை போனதும் அதே டிரைவர்கள் நிற்காமல் போனார்கள்.

இனி அங்கே கிராமம். ஒருமுறை அந்தம்மா தன் மாமியார் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சிமெண்ட் ரோடு வாசல்வரைக்கும், வீட்டில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சுவரில் பெரிய டிவி. ஆனால் தெருவில் இளவட்டம் யாரும் கிடையாது. கிழவன் கிழவி, அவர்களிடம் விட்டுப்போன சின்னப் பிள்ளைகள். மாமியார் கோதுமை மாவை ஆவியில் வேகவைத்துச் செய்கிற பன் பரிமாறினார். நான் போதும் என்று வைத்த பாதியை எடுத்து அவரே தின்றார். மேசையில் சிந்திய துணுக்கையும் விரலில் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். 1959 முதல் 61 வரைக்கும் அங்கே பெரும் பஞ்சம். கோடிக்கணக்கில் செத்தார்கள், ஷான்டோங்கும் தப்பவில்லை. கிழவிக்கு அப்போது விளையாடுகிற வயசு. யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. யுத்த காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்று வளர்ந்த எங்கள் பாட்டியும் தட்டில் ஒரு பருக்கை விடமாட்டார். விவசாயக் கிழவிக்கு அரசாங்கப் பென்சன் என்று வருவது மாதம் 200 யுவான் அளவு, நம் காசுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். எங்கள் பக்கம் சமூகநலப் பென்சன் 1,600-ஆக இருந்து 2025-இல் 2,000 ஆனது, தமிழ்நாட்டில் 2023-இல் 1,200 ஆனது. ஐந்து மடங்கு பணக்கார நாடு தன் கிராமத்து முதியவர்களுக்குக் கொடுப்பது இவ்வளவுதான் என்பது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

ஒன்றில் எனக்குப் பொறாமை. சாயங்காலம் ஆனால் ஊர்ச் சதுக்கத்தில் ஐம்பது, அறுபது வயசுப் பெண்கள் ஒலிபெருக்கியில் பாட்டு வைத்து வரிசையாக ஆடுகிறார்கள். மணி ஒன்பதரைக்குத் தனியாக நடந்து வீட்டுக்குப் போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் களத்தில் வேலை செய்கிற அக்காமார் ஆறு மணி பஸ்சைப் பிடிக்க ஓடுவதைத் தினம் பார்க்கிற எனக்கு இது பெரிய விஷயம். அந்தம்மாவும் ஆடுகிறவர்தான்.

மறுபக்கமும் உண்டு. பெருமாட்டி பஞ்சாயத்து வழியாக வரும்போது, பிளாச்சிமடையில் பூட்டிக் கிடந்த குளிர்பான ஆலையைக் காட்டினேன். 2000-இல் வந்தது, கிணறு கெட்டுப்போனதென்று ஆதிவாசிப் பெண்கள் 2002-இல் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், மயிலம்மா முன்னே நின்றார், பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மொழிபெயர்ப்புப் பையன் இதை முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை அந்தம்மா கேட்டைப் பார்த்தபடி நின்றார். “ஒரு கிராமம் எப்படித் தொழிற்சாலையை மூட முடியும்?” என்று கேட்டார். வியப்பும் இருந்தது, கொஞ்சம் கண்டிப்பும் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. முப்பள்ளத்தாக்கு அணைக்காகப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீடு மாற்றிய நாட்டுக்காரர் அவர். என்றாலும் நான் இந்த விஷயத்தில் எங்கள் ஊர்ப் பக்கம்தான். குடிதண்ணீர் போனவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு வாசல் இருந்தே ஆக வேண்டும். அதற்கு மேல் நம் நாடு செய்தது போதாது: இழப்பீட்டுக்காகக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றிய மசோதா நடைமுறைக்கே வரவில்லை.

எங்கள் மில்லில் இப்போது ஒடிசாப் பையன்கள் நிறைய. ஒருத்தன் குடும்பத்தோடு கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறான், மகள் எங்கள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். மலையாளம், தமிழ், ஒடியா மூன்றும் பேசுகிறாள். சீனாவில் 1958-இல் வந்த குடிப்பதிவு முறையால், ஊரைவிட்டு வந்த தொழிலாளியின் பிள்ளை நகரத்துப் பள்ளியில் சேர்வதும், கல்லூரி நுழைவுத் தேர்வை அங்கேயே எழுதுவதும் பெரும்பாடு. அந்தம்மா மகளை விட்டுப் போனதற்குக் காரணம் அது. கல் நெஞ்சு என்று நினைத்துவிட வேண்டாமென்று பிறகு அக்காவிடம் இதை விளக்கிச் சொன்னேன். “அப்போ அந்தம்மா மேல தப்பில்லீங்க” என்றார்.

2020-க்குப் பிறகு எல்லாம் அறுந்தது. சீனாக்காரர்கள் பேசிக்கொள்கிற வீசாட் செயலியை இங்கே தடை செய்தார்கள். அங்கே வாட்ஸ்அப் ஏற்கெனவே ஓடாது. நேர் விமானமும் நின்றது. சரக்கு மட்டும் ஈமெயிலில் பேசிப் பேசிப் போய்க்கொண்டிருந்தது. 2025 அக்டோபரில் விமானம் திரும்பியதால் இனிப் போக நினைப்பவர்கள் இங்கே இருக்கக்கூடும். ஷாங்காய்க் கட்டடங்களோடு திரும்பிவிடாதீர்கள். தெரிந்த வியாபாரி யாரையாவது கேட்டு ஒரு கிராமத்து வீட்டில் ஒரு வேளை சாப்பிடுங்கள். பென்சன் எவ்வளவு வருகிறது, பேரப்பிள்ளை எந்த ஊரில் படிக்கிறது, மருமகள் எங்கே வேலை என்று கேளுங்கள். கூச்சப்படாமல் பதில் சொல்வார்கள். உங்கள் சம்பளத்தையும் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள்.